யோசனை சொன்னவர் பக்கம் யார் நிற்பது?

சென்னையில் மத்திய கைலாஷ் சிக்னலிலிருந்து கிண்டியை நோக்கிப் போகும் சர்தார் படேல் சாலையில், சில நிமிடப் பயணத்துக்குள் மூன்று நிறுவனங்கள் வந்துவிடுகின்றன: அடையாறு புற்றுநோய் நிலையம், ஐஐடி மெட்ராஸ், மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். முதலாவது தொண்டு நிறுவனம் நடத்தும் மருத்துவமனை. இரண்டாவது கல்விக்கூடம். மூன்றாவது ஒன்றிய அரசின் ஆய்வகம். காலை நெரிசலில் சிக்கிக்கொண்டு இந்த மதில்களைப் பார்த்தபடியே ஆயிரக்கணக்கானோர் அலுவலகம் போகிறார்கள். ஒரு நிறுவனத்துக்குள் புதிய யோசனை எப்படிப் பிழைக்கிறது, எதனால் சாகிறது என்பதற்கு அந்த மதில்களுக்குப் பின்னால் எழுபது ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதைக் கேட்டுப் படித்துக்கொண்ட அலுவலகங்கள்தான் குறைவு.

புத்தாக்கம் பற்றிப் பேசாத அலுவலகம் இன்று சென்னையில் அரிது. ஆண்டுக்கு ஒருமுறை ‘இன்னொவேஷன் டே’ நடக்கிறது. சுவரில் ஆலோசனைப் பெட்டி தொங்குகிறது. கொஞ்சம் வசதியான நிறுவனம் என்றால் அதற்கென்று ஒரு செயலி. ஊழியர்களும் ஆர்வமாக எழுதிப் போடுகிறார்கள். பரிசு பெற்றவர் மேடையேறிச் சான்றிதழ் வாங்குகிறார், புகைப்படம் எடுத்துக்கொள்கிறார். மறுநாள் காலை அவர் பழைய வேலைக்கே திரும்புகிறார்; அவருடைய யோசனை கோப்புக்குள் போகிறது. அடுத்த ஆண்டு பெட்டியில் விழும் சீட்டு குறைகிறது. அதற்கடுத்த ஆண்டு பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கே ஆள் இருப்பதில்லை.

ஊழியர்களிடம் ஆர்வம் இல்லை என்று இதற்குக் காரணம் சொல்வது அநியாயம். யோசனை உள்ளவர் ஓரிடத்தில், பிரச்சினையோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவர் வேறிடத்தில், பணத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் மூன்றாவது இடத்தில் என்று இருந்தால் எந்த யோசனையும் நகராது. அந்த மூவரையும் ஒன்றாக உட்காரவைப்பது, பலன் வரும்வரை காத்திருப்பது, இடையில் சறுக்கல் நேர்ந்தால் முயன்றவரைக் கைவிடாமல் இருப்பது: தலைமையின் வேலை இதுதான். மேலாண்மை வகுப்புகள் சொல்லும் மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான்.

தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தொடங்கலாம். 1948 ஏப்ரல் 24 அன்று அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, தோல் பதனிடுவது தமிழகத்தில் ஏற்கெனவே பெரிய தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி, சென்னையை ஒட்டிய பல்லாவரம் என்று பல ஊர்களில் டேனரிகள் இருந்தன. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே இயங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான். பெரியமேட்டு மண்டிகளில் தோல் கைமாறியது. ஆனால், தொழில் முழுக்கக் கைப்பக்குவத்தில் ஓடியது. சுண்ணாம்புக் குழியில் எத்தனை நாள் ஊற வேண்டும், ஆவாரம்பட்டைச் சாறு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், கடுக்காய் எப்போது சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் மேஸ்திரியின் விரல்நுனிக்குத் தெரியும், தாளில் இருக்காது. இப்படி அரைகுறையாகப் பதனிட்ட தோல் கப்பலேறி இங்கிலாந்து போனது. அதை முழுமையாக்கிச் செருப்பும் பையும் செய்து லாபம் பார்த்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. தோலைத் தொட்டு வேலை செய்தவர்கள், சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்ட மக்கள். முதலாளிகளில் பலர் முஸ்லிம் வணிகக் குடும்பத்தினர். பட்டம் பெற்ற விஞ்ஞானி ஒருவர் அந்த நாற்றத்துக்குள் போய் நின்று, மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது 1950களில் சாதாரணக் காரியம் அல்ல.

எலவர்த்தி நாயுடம்மா அதைச் செய்தார். ஆந்திரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, காசியில் படித்து, அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1958இல், நாற்பது வயதை எட்டும் முன்பே அந்நிலையத்தின் இயக்குநரானார். 1971 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பிறகு ஒன்றிய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் (சிஎஸ்ஐஆர்) தலைமை இயக்குநராக டெல்லிக்குப் போனார். 1985 ஜூன் 23 அன்று குண்டுவெடிப்பில் சிதறிய ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் அவரும் இருந்தார்.

அவர் காலத்தில் உருப்பெற்ற ஏற்பாட்டை இன்றைய மேலாளர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆய்வகம், அதற்குப் பக்கத்திலேயே தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு, வளாகத்துக்குள்ளேயே ஒரு மாதிரி டேனரி. பட்டப்படிப்பு மாணவர் வகுப்பில் கேட்ட வேதியியலைச் சில அடி நடந்து போய் டிரம்மில் பார்த்துவிடலாம். டேனரிக்காரர் தன் சரக்கை எடுத்துக்கொண்டு வந்து அதே டிரம்மில் போட்டுப் பார்க்கலாம். குரோமில் ஊறிய தோல் நீலநிறமாக வெளியே வரும். அதில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் சில நிமிடம் போடுவார்கள். சுருங்காமல் இருந்தால் பதம் சரி. சுருங்கினால் வேலை பாக்கி இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்றவருக்கும் மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கும் அந்தத் துண்டு ஒரே பதிலைத்தான் தரும். வாக்குவாதத்துக்கே இடம் இல்லை. ஆய்வறிக்கையை அஞ்சலில் அனுப்பியிருந்தால் இந்த நம்பிக்கை வந்திருக்காது.

விளைவு தெரியச் சில காலம் ஆனது. 1972இல் சீதாராமையா குழு, பச்சைத் தோலையும் அரைகுறைத் தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோல்பொருள்களையும் வளர்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே அரசு கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. கைவசம் தொழில்நுட்பமும் பயிற்சி பெற்ற ஆட்களும் இல்லாமல் அப்படியொரு கொள்கையை அறிவித்திருந்தால் ஊர் ஊராக டேனரிகள் மூடப்பட்டிருக்கும். அப்படி நடக்கவில்லை. அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த பொறுமையான வேலை கைகொடுத்தது. இன்று ஆம்பூரில் உலகப் பிராண்டுகளுக்குக் காலணி தைக்கிறார்கள் என்றால், அதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தொழில் வளர்ந்த அதே வேகத்தில் பாலாறு கெட்டது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 30 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் செலவாகும். அது உப்பும் குரோமும் கலந்த கழிவாக வெளியேறும். குடிநீர்க் கிணறுகள் பாழாயின. வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்கும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் தேதிக்குள் சுத்திகரிப்பு வசதி இல்லையென்றால் மூடல். அந்த நெருக்கடியில் டேனரிகள் ஓடிவந்த இடமும் அடையாறுதான்.

வழக்கமான குரோம் பதனிடும் முறையில், போட்ட குரோமில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடுகிறது. அதைத் தடுக்க, பதனிடும் கட்டத்தில் தண்ணீரே சேர்க்காத முறை ஒன்றைப் பின்னாளில் இதே நிலையத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். நல்ல தொழில்நுட்பம். அதே காலகட்டத்தில், 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் இருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கண்டுபிடிப்பு அடையாற்றில் இருந்தது. சேறு ராணிப்பேட்டையில் தேங்கிக் கிடந்தது. ஆய்வகம் தன் பங்கைச் செய்து முடித்தாலும், களத்தில் யார் பொறுப்பேற்பது, யார் கண்காணிப்பது, யார் செலவழிப்பது என்பது தெளிவாக இல்லையென்றால் புதுமை பாதி வழியில் நின்றுவிடும். நின்ற இடத்தில் உயிர்கள் போகும்.

அதே சாலையில் இருக்கும் புற்றுநோய் நிலையத்தின் கதை வேறு வகை. 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு தொடங்கப்பட்ட சிறிய மருத்துவமனை அது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு அதை உருவாக்கினார். புற்றுநோய் என்றால் மரணம்தான், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று படித்தவர்களே கேட்ட காலம். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி மருத்துவப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். மயிலாப்பூரில் பிறந்தவர், சர்.சி.வி. ராமனின் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரசுத் தேர்வில் தேறி, எழும்பூரில் பெண்கள் மருத்துவமனைப் பணி கையில் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு, எதிர்காலமே நிச்சயமில்லாத ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தார். 2021 ஜனவரி 19 அன்று, 93 வயதில் காலமாகும்வரை அந்த வளாகமே அவருக்கு வீடு.

பணம் இல்லை, ஆள் இல்லை, இடம் இல்லை. ஆனாலும் நாட்டில் கோபால்ட் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முன்னோடியாக இருந்த இடங்களில் அது ஒன்று. குழந்தைகளுக்கென்று தனிப் புற்றுநோய் வார்டு 1960இலேயே அங்கே வந்துவிட்டது. இந்தியாவில் அதற்கு முன் அப்படி ஒன்று இருந்ததில்லை. 1984இல் புற்றுநோய் மருத்துவத்துக்கான உயர் சிறப்புப் படிப்புகளை நாட்டிலேயே முதலில் தொடங்கியது. அதே காலத்தில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் மும்பை டாடா மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் அடையாறும் கைகோத்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்சிபி-841 என்ற சிகிச்சை முறையை நடைமுறைப்படுத்தின. முன்பு பெரும்பாலும் இறந்துகொண்டிருந்த பிள்ளைகளில் பலர் பிழைத்து, வளர்ந்து, தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயதுக்கு வந்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் செய்தித்தாளில் வந்த சாதனைகள். மேலாண்மை என்ற கோணத்தில் பார்த்தால், இவற்றைவிடப் பெரிய காரியம் அதிகம் பேசப்படாத ஒன்று: 1981இல் அந்நிலையம் தொடங்கிய சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேடு. புற்றுநோய் கண்டவரைப் பற்றி மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அன்று கிடையாது. ஆகவே, பதிவேட்டுப் பணியாளர்கள் தாங்களே போனார்கள். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, நோய்க்குறியியல் ஆய்வகம் என்று படியேறி, நோயாளிகளின் தாள்களைப் புரட்டி, பெயர், வயது, முகவரி, நோயின் இடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்தார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். பெயர் ஒருமாதிரி இங்கே, வேறுமாதிரி அங்கே, முகவரி மாறியிருக்கும், ஒரே ஆள் இரண்டு மருத்துவமனையில் பதிவாகியிருப்பார். ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்க வேண்டும். இந்த வேலைக்கு மேடையும் இல்லை, கைதட்டலும் இல்லை. முதல் சில ஆண்டுகளில் இதிலிருந்து பெரிதாக எதையும் காட்டவும் முடியாது.

பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் படம் தெளிந்தது. சென்னைப் பெண்களிடையே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைந்துவருகிறது, மார்பகப் புற்றுநோய் கூடிவருகிறது என்று கையில் ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. எந்தச் சோதனைக்கு எங்கே பணம் ஒதுக்குவது என்று அரசு யோசிக்க அடிப்படை கிடைத்தது. 2012இல் பதிவேடு தமிழகம் முழுவதற்கும் விரிந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் பலன் காட்டாத திட்டத்தை மூடிவிடும் நிர்வாகி அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. புதுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் புதிய கருவியைத்தான் நினைக்கிறார்கள். சலிக்காமல் கணக்கு எழுதுவதும் புதுமைதான், அதைக் காப்பாற்றுவது கருவி வாங்குவதைவிடக் கடினம் என்பதை அடையாறு காட்டியிருக்கிறது.

ஐஐடி மெட்ராஸின் அனுபவம் ஓரளவு ஊரறிந்தது. சுருக்கமாகப் பார்த்தால் போதும். 2010இல் தரமணியில் அதன் ஆய்வுப் பூங்கா தொடங்கியது. இந்தியாவில் ஒரு கல்வி நிறுவனம் அமைத்த முதல் ஆய்வுப் பூங்கா அது. முன்னின்று உருவாக்கியவர் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. அங்கே நிறுவனங்கள் இடம்பிடிக்க வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து ஆய்வு செய்து, அதற்கென வகுத்த மதிப்புப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். நல்ல முகவரிக்காக மட்டும் வருகிறவர்களை வடிகட்டிவிட்டு, உண்மையாக வேலை செய்ய வருகிறவர்களை மாணவர்களின் பக்கத்தில் உட்காரவைக்கும் எளிய விதி. இந்தச் சூழலில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினைப் பொருத்திய ராக்கெட்டை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அதற்குமுன் பலமுறை கடைசி நேரத்தில் ஏவுதல் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டு வந்தார்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

அப்படி ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நகரின் வடக்கே, பெரம்பூரில் இருக்கிறது.

இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் (ஐசிஎஃப்) பொது மேலாளராக இருந்த சுதான்ஷு மணியும் அவருடைய குழுவும், தனி எஞ்சின் இல்லாமல் பெட்டிகளின் அடியிலேயே மோட்டார் பொருத்திய அதிவேக ரயிலை உள்நாட்டிலேயே செய்துகாட்ட முடிவெடுத்தார்கள். இறக்குமதி செய்தால் ஆகும் செலவில் சிறு பங்கில், சுமார் நூறு கோடி ரூபாயில், ஏறத்தாழ 18 மாதங்களில் 16 பெட்டிகள் கொண்ட ரயில் தயாரானது. 2018 அக்டோபரில் வெளியே வந்தது. அந்த ஆண்டுப் பெயரை வைத்தே ‘ட்ரெயின் 18’ என்று அழைத்தார்கள். டிசம்பரில் நடந்த சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டது. 2019 பிப்ரவரி 15 அன்று வந்தே பாரத் என்ற பெயரில் டெல்லி–வாரணாசி தடத்தில் ஓடத் தொடங்கியது. நாடே கொண்டாடியது.

அதன் பிறகு நடந்ததுதான் வேதனை. ரயிலை உருவாக்கிய அதிகாரிகள் சிலர்மீது, கொள்முதலில் விதிமீறல் என்று விழிப்புப் பணிப் பிரிவின் விசாரணை பாய்ந்தது. குழு கலைந்தது. முதல் இரண்டு ரயில்களுக்குப் பிறகு உற்பத்தி நின்றது. மேம்படுத்தப்பட்ட அடுத்த வந்தே பாரத் ஓடத் தொடங்கியது 2022 செப்டம்பர் 30 அன்று. விசாரணையில் முறைகேடு எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால், அந்த இடைவெளியில் போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? அந்த அதிகாரிகளின் பதவி உயர்வும் மன நிம்மதியும் பட்ட பாட்டுக்கு யார் பதில் சொல்வது? அதைவிட முக்கியம், பக்கத்து அறையில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இளம் பொறியாளர்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? விதிப்படி நடந்து ஒன்றுமே செய்யாமல் ஓய்வு பெற்றவருக்கு எந்த விசாரணையும் வருவதில்லை.

தணிக்கையே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்டே ஆக வேண்டும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பங்குனித் தேர் மாட வீதியில் திரும்பும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும்: வடம்பிடிக்கும் ஆயிரம் பேரைவிட, சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுபவர்களுக்குத்தான் பொறுப்பு அதிகம். எந்த நொடியில் போட வேண்டும், எந்தக் கோணத்தில் போட வேண்டும், எப்போது உருவ வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்களுக்கும் தேர் நிலைக்கு வந்தாக வேண்டும். நம் அலுவலகங்களில் நிதிப் பிரிவும் தணிக்கைப் பிரிவும் அப்படித் தேரோடு நடந்து வருவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு வந்து, ஏன் இப்படித் திருப்பினாய் என்று கேட்கின்றன. புதிய திட்டம் தொடங்கும் நாளிலேயே நிதிப் பிரிவின் ஆள் ஒருவரைக் குழுவில் சேர்த்து, முடிவுகளுக்கு அவரையும் கையெழுத்திட வைத்தால், பிற்பாடு வரும் விசாரணைகளில் பாதி தேவைப்படாது.

விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், இந்தப் பேச்சு தனக்கானது அல்ல என்று தியாகராய நகர்க் கடை முதலாளி நினைக்கக்கூடும். அவருக்கும் இது பொருந்தும்.

ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தென்மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்களும் பையன்களும். வாடிக்கையாளர் எந்த நிறத்தைக் கேட்டுவிட்டு இல்லையென்று போகிறார், எந்த ரகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டதும் கீழே வைக்கிறார், பில் போடும் இடத்தில் எங்கே கூட்டம் முட்டுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எட்டாம் மாடியில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகிக்குத் தெரியாது. ஆனால், அவர்கள் சொல்வதைக் கேட்கும் வழக்கம் எத்தனை கடைகளில் இருக்கிறது?

ஒரு நாற்காலி விஷயத்தைப் பார்த்தாலே போதும். பத்து, பன்னிரண்டு மணிநேரம் நின்றபடி வேலை செய்தால் கால் வீங்கும், நரம்பு சுருளும். இது அங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. கூட்டம் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் போட்டால் என்ன என்று யோசிக்க ஆராய்ச்சி தேவையில்லை. 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ படம் இந்தத் தெருவின் வாழ்க்கையை ஊருக்கே காட்டியது. அப்போதும் நாற்காலி வரவில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் போராடி, 2018இல் அங்கே சட்டத் திருத்தம் வந்தது. அதைப் பார்த்து 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அடிமட்டத்தில் இருப்பவரின் குரல் மேலே போக வழியில்லாத நிறுவனத்தில், பெரிய புதுமைகள் எங்கிருந்து வரும்?

இதே சென்னையில் மாற்று வழியும் இருந்திருக்கிறது. பாடியில் இயங்கிவந்த சுந்தரம் கிளேட்டன் 1998இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெறுவது அதுவே முதல் முறை. அந்த விருதுக்குப் பின்னால் இருக்கும் ஜப்பானிய முறையில், யோசனை சொன்ன தொழிலாளிக்கு மேற்பார்வையாளர் சில நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சிறிய மாற்றம் என்றால் சொன்னவரே தன் எந்திரத்தில் செய்துபார்க்கலாம். முடியாது என்றால் ஏன் முடியாது என்று விளக்க வேண்டும். மதிப்பு அந்தப் பதிலில்தான் இருக்கிறது. ஆயிரம் ரூபாய் பரிசைவிட, தன் யோசனையை யாரோ உட்கார்ந்து படித்தார் என்று தெரிவது ஓர் ஊழியரை அதிகம் மாற்றும். தி. நகர்க் கடைகளில் வாரத்துக்கு ஒருநாள், கடை திறப்பதற்கு முன் அரைமணி நேரம், தளப் பொறுப்பாளரும் விற்பனைப் பெண்களும் உட்கார்ந்து பேச ஒதுக்கினால் செலவு ஒன்றும் ஆகிவிடாது. உட்கார என்ற சொல் இங்கே முக்கியம்.

அரசு அலுவலகங்களுக்கும் கேட்க ஒன்று உண்டு. மாநிலத் திட்டக் குழு வழியாகப் புத்தாக்க முயற்சிகளுக்குத் தமிழக அரசு 2014-15 முதல் தனி நிதி ஒதுக்கிவருகிறது. துறைகள் புதிய யோசனைகளோடு வந்தால் பணம் கிடைக்கும். வரவேற்க வேண்டிய ஏற்பாடு. ஆனால், வெற்றி பெற்றவை விழா மேடைக்கு வருவதுபோல, சரிவராமல் போனவையும் காரணத்தோடு வெளியே வர வேண்டும். ஒரு மாவட்டத்தில் தோற்ற திட்டத்தை இன்னொரு மாவட்டத்தில் வேறு பெயரில் தொடங்குவதைத் தடுக்க அது ஒன்றே வழி. தோல்வியை எழுதிக் கொடுத்த அதிகாரியின் பணிக்குறிப்பில் அது கறையாக விழக்கூடாது என்று அரசாணையே போட வேண்டும்.

மறுபடியும் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தால், அங்கே இப்போது வேறொரு நெருக்கடி. 2015இல் டேராடூனில் கூடிய சிஎஸ்ஐஆர் இயக்குநர்கள், ஆய்வகங்கள் தங்கள் செலவில் பாதியைத் தாங்களே சம்பாதிக்கும் நிலைக்கு வர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வரிப்பணத்தைப் பயன்படுத்துகிறவர்கள் பயன் காட்ட வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால், யார் பணம் தருகிறார்களோ அவர்களுடைய பிரச்சினைக்குத்தான் ஆய்வகம் முதலில் திரும்பும். பெரிய ஏற்றுமதியாளர் ஆலோசனைக் கட்டணம் கட்டுவார். திண்டுக்கல்லில் ஆவாரம்பட்டை போட்டு இன்னும் பழைய முறையில் பதனிடும் சிறிய டேனரிக்காரரால் முடியாது. நாயுடம்மா காலத்தில் ஆய்வகத்துக்குப் பிரச்சினையைக் கொண்டுவந்தவர்களில் இவர்களைப் போன்றவர்களே அதிகம். இன்றும் பாலாற்றிலும் குடகனாற்றிலும் கழிவு சேர்வதைத் தடுக்க வேண்டும் என்றால், பெரிய ஆலைகளோடு இவர்களையும் சேர்த்துக்கொண்டாக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வோர் ஆய்வகத்துக்கும் ஒன்றிய அரசு தரும் மானியத்தில் ஒரு பங்கை, கட்டணம் கட்ட முடியாத சிறு தொழில்களுக்கென்று ஒதுக்கலாம். அதை எந்தப் பிரச்சினைக்குச் செலவழிப்பது என்பதை டெல்லிக்குக் கோப்பு அனுப்பாமல் இயக்குநரே, ஊர்த் தொழில் சங்கங்களோடு பேசி முடிவு செய்யட்டும். சிஎஸ்ஐஆரும் நிதி அமைச்சகமும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குள் இதைப் பேசி முடிக்க வேண்டும். ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் இருக்கும் தோல் வணிகர் சங்கங்கள் தங்கள் தேவைகளின் பட்டியலோடு இப்போதே அடையாற்றுக்குப் போகலாம்.